புருஷன்மாரையும் கூப்பிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன கிழமை எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். குடும்பத் திட்டமிடல், பால்நிலை சமத்துவம் பற்றிப் பெண்களுக்கான பயிற்சி, புதன்கிழமை காலை 10 மணிக்கு என்று இருந்தது. புதன்கிழமை வேலை நாள். பத்து மணிக்கு எங்கள் பெண்கள் மலையில் கூடையோடு நிற்பார்கள். வகுப்புக்கு வந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளக் கணக்கு) போய்விடும், மாதக் கடைசியில் கடைக் கணக்கு இடிக்கும். 'குடும்பத் திட்டமிடல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, இது கருத்தடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். வீட்டு வரவு செலவைப் பற்றிய வகுப்பு என்று நேராக எழுதியிருக்கலாம்.

அதைவிட என்னை உறுத்தியது 'பெண்களுக்கான' என்ற சொல்தான். நான் ஆண். இருபத்தாறு வருடமாகத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பயிற்சியில் மனைவியோடு பாயில் உட்கார்ந்தவன். அன்றைக்கு வந்த ஆண்கள் நாலே பேர். சொல்லிக் கொடுத்த தங்கச்சி நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கிக் கூப்பிட்டதால்தான் நாங்களும் போனோம்.

மரம் வரைந்து வீட்டுக் கணக்குப் பார்க்கும் முறையைத்தான் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உகாண்டா நாட்டில் கோப்பி பயிரிடும் குடும்பங்களிடம் இந்த முறை நன்றாக வேலை செய்தது என்று அந்தத் தங்கச்சி சொன்னது. நம்முடைய மலையும் தேயிலைக்கு முன்னால் கோப்பி மலைதானே. ஒரு பெரிய தாளில் மரம் வரைய வேண்டும். வேரில் ஒரு பக்கம் பெண், மறுபக்கம் ஆண், வீட்டுக்காக யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று போட வேண்டும். கிளையில், உழைத்த காசு யார் கையால் எதற்குப் போகிறது, எந்தப் பொருள் யாருடையது, முடிவு யாருடையது என்று போட வேண்டும். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, படம் போதும். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியம்மாக்கள்கூட வரைந்தார்கள்.

என் மனைவி பீலியில் பிடிக்கும் தண்ணீர், அடுப்பு, ரொட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, கூடை, விறகு, துணி, என் அம்மாவின் மருந்து என்று வேர் வேராகப் போட்டுக்கொண்டே போனாள். தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினாள். என் பக்கம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, பின்னேரம் நான் போடும் மரக்கறிப் பாத்தி, அவ்வளவுதான். கிளைக்கு வந்தபோது எல்லாம் தலைகீழ். கைப்பேசி, மோட்டார் சைக்கிள், டவுன் செலவு, சாராயம் எல்லாம் என் பக்கம். அவள் பக்கம் ஒரு ஜோடித் தோடு மட்டும். அதுவும் அடகில்.

அடுத்து, கடன்களை வட்டம் வட்டமாகப் போடச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு கடன், இரண்டு வட்டம் போட்டேன். அவள் பேனையை வாங்கி மூன்றாவதாக ஒன்று போட்டாள். என் கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது எடுத்த கிழமைக் கடன். செவ்வாய்தோறும் பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து ஓடி வந்து தவணையைக் கட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி ஓடியிருக்கிறாள். "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டேன். "சொன்னா சத்தம் போடுவீங்க" என்றாள். அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

அவள் மட்டும் தனியாகப் போயிருந்தாலும் அந்த வட்டத்தைப் போட்டிருப்பாள். போட்டு, தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருப்பாள், எனக்குத் தெரிய வந்திருக்காது. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் பெண் மட்டும் போனாள், அங்கே இன்னும் மோசமாக நடந்தது. அந்த வீட்டுப் பெண் வகுப்பிலிருந்து சந்தோசமாக வந்து தாளை விரித்துக் காட்ட, "எவகிட்ட படிச்சிட்டு வந்து எனக்குக் கணக்குக் காட்டுற" என்று புருஷன் அதை அடுப்பில் போட்டுவிட்டான்.

சம்பளத்துக்காக நாங்கள் கூட்டம் போடாத வருடம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. 2021இல் 1000 ரூபாய், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று ஏறியது. எல்லாம் தேவையான போராட்டம், நானும் நின்றிருக்கிறேன். ஆனால் சம்பளம் ஒன்று என்றாலும் நேரம் ஒன்று இல்லை. கவ்வாத்துக் கணக்கை முடித்துவிட்டு நான் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் கடைசி நிறுவை முடிந்து கூடையை இறக்க நாலரை தாண்டும், அப்புறம்தான் அடுப்பு. என் அம்மாவின் சம்பளத்தைக்கூட அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார். அம்மா தன் சம்பளத்தைத் தன் கையால் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. வந்த சம்பளம் காம்பராவுக்குள் என்ன ஆகிறது என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் நாங்கள் பேசினதில்லை.

பயிற்சி முடிந்த அன்று இரவே ஒரு சி.ஆர். கொப்பியில் ஐந்து வருடத் திட்டம் எழுதினோம். முதல் வருடம் கிழமைக் கடனை முடிப்பது. அப்புறம் தோட்டை மீட்பது, மகளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வைப்பது, 7 பேர்ச் காணி கிடைத்தால் வீட்டுக்கு அத்திவாரம் போடுவது. மரக்கறி விற்ற காசும் இப்போது கொப்பியில் ஏறுகிறது. ஞாயிறு இரவு இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுகிறோம். பின்னேரச் சமையலும் பீலித் தண்ணீரும் என் வேலை. குடியை முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதையும் எழுத வேண்டியிருப்பதால் நிறையக் குறைந்திருக்கிறது. கிழமைக் கடன் பதினொரு மாதத்தில் முடிந்தது. தோடு இன்னும் வரவில்லை.

பெண்கள் தனியாகப் பேச ஒரு வேளை கட்டாயம் வேண்டும். அடி வாங்குகிற பெண் புருஷனை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டாள். 2005இலேயே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை அந்த நேரத்தில் சொல்லிக் கொடுக்கட்டும். சரி, அதற்குப் பிறகு கதவைத் திறந்து எங்களையும் உள்ளே கூப்பிடட்டும். முதலில் தோட்டத் தலைவர்மாரும் கங்காணிமாரும் வந்து உட்கார்ந்தால் மற்ற ஆண்கள் தானாக வருவார்கள்.

காணி உறுதிப் பத்திரத்தைப் பற்றியும் வகுப்பில் பேச வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மூத்த மகனை முன்னால் வைத்த வாரிசு வரிசையை 2022இல் திருத்தி, மகளுக்கும் சம உரிமை கொடுத்தார்கள். அது அரச காணி பெற்றவர்களுக்கான சட்டம். எங்கள் வீட்டு உறுதிகளிலும் புருஷன் பெண்சாதி இரண்டு பேரின் பெயரும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

புதன்கிழமை வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும்படியும், இல்லாவிட்டால் அன்றைக்கு வரும் பெண்களுக்குப் பேர் போடும்படியும் எங்கள் டிவிசனில் பதினேழு குடும்பம் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அறிவித்தலில் ஆண்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மற்றத் தோட்டங்களிலும் இதே நிலைமைதான் என்று கேள்விப்படுகிறேன். பயிற்சி நடத்துகிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் பார்ப்பவர்கள். புதன்கிழமைக்கு முன்னால் இதைப் பிரசுரித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவர்,
பொகவந்தலாவை, இலங்கை.