கிரைண்டரின் அழகு மாவு வழிக்கும்போது தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகள் உழைத்த கிரைண்டருக்கு மாற்றாக, அண்மையில் புதியது ஒன்று வாங்கினோம். பளபளக்கும் சிவப்பு நிறமும், பக்கவாட்டில் ஒட்டியிருந்த பூக்கொடியும், தொட்டால் இயங்கும் பொத்தான்களும் கடையில் கண்ணைக் கவர்ந்தன. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதன் குறைகள் தெரிந்துவிட்டன. மாவு படிந்த ஈர விரலுக்கு அந்தப் பொத்தான் சரியாக இணங்குவதில்லை. கண்பார்வை மங்கிய என் மாமியார், பழைய கிரைண்டரின் திருகு சுவிட்சைத் தடவிப் பார்த்தே நிறுத்திவிடுவார். வழவழப்பான இந்தப் பலகையில் அவருடைய விரலுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. எஃகுச் சுவரும் அடிக்கல்லும் சேரும் இடுக்கில் மாவு தங்கி, மறுநாள் புளித்த வாடை வீசுகிறது. எல்லாவற்றையும்விட, தொட்டியைத் தூக்குவதற்குப் பிடி இல்லை.

கோவைக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். ஆட்டுக்கல்லை மின்மோட்டாரால் இயங்கச் செய்து 1955-இல் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கியது இந்த ஊரில்தான்; கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. உளுந்தைச் சூடேற்றாமல் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும் என்ற அடுக்களைத் தேவையை அறிந்தவர்கள் செய்த பொருள் அது. ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட்ட வேலையை, தொட்டியின் ஓரத்தை ஒட்டி நிற்கும் ஒரு சிறு தகடு ஏற்றுக்கொண்டது. பிறகு வந்த டில்டிங் கிரைண்டரோ, தொட்டியைத் தூக்காமல் சாய்த்தே மாவை வழிக்க வழிசெய்து, மணிக்கட்டு வலியோடு மாவரைத்த எத்தனையோ பெண்களின் சுமையைக் குறைத்தது. அந்தச் சாய்வில் எனக்கு ஓர் அழகு தெரிகிறது. பூக்கொடி ஸ்டிக்கரில் அது தெரியவில்லை. கழுவிக் கழுவி அந்த ஸ்டிக்கர் உரிந்தும் போகிறது.

இந்திய அரசின் அழைப்பின்பேரில், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைப்பு குறித்து 1958-இல் அளித்த அறிக்கையில், அவர்கள் மிகவும் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைப் போன்ற வடநாட்டு லோட்டாவைப் பற்றித்தான். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலோ தலையிலோ எப்படிச் சுமப்பார்கள், ஊற்றும்போது எப்படிச் சாயும், உள்ளங்கைக்கு எப்படிப் பொருந்தும், தட்டினால் என்ன ஒலி எழும், என்ன விலை ஆகும் என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளில் பயன் எது, அழகு எது என்று பிரிக்க முடியாது. அந்த அறிக்கையை அடியொற்றி 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் தொழிற்கூடங்களும் கிரைண்டரைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். அவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் தினமும் மாவரைப்பவர்கள்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால் ஏராளமான எளிய குடும்பங்களுக்கும் கிரைண்டர் சென்று சேர்ந்தது. ஆகவே இது வசதி படைத்தோரின் குறை மட்டுமன்று. புதிய மாதிரியைச் சந்தைக்கு அனுப்பும் முன்பே முதியவர்களிடமும், மூட்டுவலி உள்ளவர்களிடமும், பார்வைக் குறைபாடு உடையவர்களிடமும் கொடுத்து, அரிசியும் உளுந்தும் போட்டு அரைக்கச் சொல்லி, அவர்கள் கை எங்கே தடுமாறுகிறது என்று உற்றுப் பார்க்குமாறு உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விற்பனையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: வெறும் கிரைண்டரைச் சுழற்றிக் காட்டுவதோடு நிறுத்தாமல், நனைந்த குழவியைக் கழற்றவும், தொட்டியைத் தூக்கி மேடையில் வைக்கவும், வாங்க வருகிறவரைக் கடையிலேயே அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.