மூலையில் இருந்த டிரே

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய உன் புதுக் கால்நடைக் கிளினிக்கின் படங்களை அப்பாவும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். புது டேபிள், மேலே தொங்கும் விளக்கு, மயக்க வாயு கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் மெஷின், கண்ணாடிக் கதவில் உன் பேர். அப்பா மெஷினைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என் கண் நான்காவது படத்தின் மூலையிலேயே நின்றுவிட்டது. சிங்க் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டிரே, அதில் பச்சைக் கரைசல், அதற்குள், மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் விடும் டியூப்கள் ஐந்தாறு சுருண்டு கிடந்தன. ஒன்றில் கட்டியிருந்த காஸ் துணி நாடாவைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. டிரேக்கு மூடியும் இல்லை.

போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் உதவிக்கு இருக்கிற அக்கா பார்த்துக்குவாங்கம்மா, ராத்திரி ஊறப் போட்டுட்டுப் போனா காலையில ரெடியா இருக்கும்" என்றாய். அந்த நேரத்தில் உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. அதனால்தான் காலையில் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். பொன்மலையிலிருந்து ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தன் பொமரேனியனைக் கொண்டுவந்தார். எட்டு வயசு. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சாயங்காலம் எழுந்து நின்று வாலை ஆட்டியது, அவர் மடியிலேயே வீட்டுக்குப் போனது. மறுநாள் இருமல். அதற்கு மறுநாள் எச்சிலில் ரத்தக்கோடு, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. நான் நாய்களுக்கு வரும் தொற்று இருமலான கென்னல் காஃப் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் லேசாக மயக்கம் கொடுத்து லாரிங்கோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, குரல்வளை வெந்த மாதிரி சிவந்து, அங்கங்கே வெள்ளையாகத் தோல் உரிந்து கிடந்தது.

அன்று காலையில் அடுத்தடுத்து மூன்று கேஸ். அந்த நாய்க்குச் சரியான சைஸில் இருந்தது ஒரே ஒரு சிவப்பு ரப்பர் டியூப். முந்தின நாளிலிருந்து குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் ஊறிக்கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த பையன் அதை எடுத்து, ஒரு மக் தண்ணீரில் முக்கி, உதறி என் கையில் கொடுத்தான். நானும் வாங்கி உள்ளே விட்டேன். ரப்பர் அந்த மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த டியூப், மயக்கத்தில் கிடந்த ஒரு ஜீவனின் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பையனைக் கத்தினேன். "நீங்கதானே மேடம் சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னீங்க" என்றான் அவன், கண் கலங்கி. எத்தனை தண்ணீரில் அலச வேண்டும் என்று நான் அவனுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஊறினால் சுத்தம் என்றுதான் என் மனசிலேயே இருந்தது. அவனிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பெரியவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "இனிமே வேற நாய்க்கு இப்படி ஆகாதில்ல?" என்று மட்டும் கேட்டார். நெபுலைசர், வீக்கத்துக்கு மருந்து, கஞ்சி என்று ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது தேற. அதன் குரைப்பு கடைசிவரைக்கும் கரகரப்பாகவேதான் இருந்தது.

சரி, இப்போது உன் டிரேவுக்கு வருகிறேன்.

கருவிகளை எந்த அளவு கிருமி நீக்க வேண்டும் என்று ஸ்பால்டிங் வகுத்த மூன்று பிரிவுகளைக் கல்லூரியில் படித்திருப்பாய். திசுவுக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போவது, சளிச்சவ்வைத் தொடுவது, தோலை மட்டும் தொடுவது. டியூப் நடுப் பிரிவில் வருவதால், நாம் கத்தரி, ஃபோர்செப்ஸுக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்குக் கொடுப்பதில்லை. ஆனால் கத்தரி சில நிமிஷம் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடும். டியூப் அப்படியில்லை. ஆபரேஷன் முடிகிற வரைக்கும் அந்த விலங்கு இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே எது ஒட்டியிருந்தாலும் அது நேராக நுரையீரலுக்குத்தான். முந்தின நாயின் சளியானாலும் சரி, அந்தச் சளியைக் கொல்லப் போட்ட மருந்தானாலும் சரி.

முதலில் கழுவுவது. மருந்தில் போடுவது இதற்கு அப்புறம்தான் வர வேண்டும். டியூப்பை வெளியே எடுத்த கையோடு ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடச் சொல். காயவே கூடாது. சளியும் ரத்தமும் காய்ந்துவிட்டால் அதற்கடியில் கிருமி பாதுகாப்பாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் குளூட்டரால்டிஹைடை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம். திண்டுக்கல் பக்கம் தோல் ஷாப்புகளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? தோல் பதனிடுவதிலும் இந்த ரசாயனம் பயன்படுகிறது. புரதத்தை இறுக்கிப் பிடித்து உறைய வைப்பதுதான் அதன் குணம். கழுவாத டியூப்பை அதில் போடுவது, உள்ளே இருக்கும் சளியைப் பதனிட்டு வைப்பது மாதிரி. அப்புறம் எந்தப் பிரஷும் அதை எடுக்காது. கொதிநீரும் வேண்டாம், முட்டை வெந்து பிடித்துக்கொள்கிற மாதிரி அதுவும் பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர், என்சைம் கிளீனர், டியூப்பின் விட்டத்துக்குப் பொருந்துகிற பிரஷ். பூனைக்குப் போடும் 3.5, 4 சைஸுக்கு ஒரு மெல்லிய பிரஷ், பெரிய நாய்க்குப் போடும் 10, 12 சைஸுக்கு ஒரு தடித்த பிரஷ். ஒரே பிரஷ் எல்லாவற்றுக்கும் என்றால் பெரிய டியூப்பின் சுவரை அது தொடவே தொடாது.

நாடாவை அவிழ்த்துத் தூக்கிப் போடு, அது ஒரு தடவைக்குத்தான். மேலே இருக்கும் கனெக்டரைக் கழற்றச் சொல், சளி அந்த வளையத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். நுனியில் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டையையும், டியூப்பைச் சுற்றி ஊதிக்கொள்ளும் பலூனான கஃப் மடிந்து கிடக்கும் இடத்தையும் விரலாலேயே தடவிப் பார்க்க வேண்டும். கஃபைக் கொஞ்சம் ஊதி வைத்துக்கொண்டு கழுவினால் மடிப்பு தெரியும். கஃபை ஊதுவதற்கான பைலட் பலூனின் வாய்க்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். போனால் காயாது, வால்வும் கெட்டுவிடும்.

அப்புறம்தான் மருந்து. இரண்டு சதவீதக் குளூட்டரால்டிஹைடுதான் வைத்திருக்கிறாய் என்றால், 20 டிகிரியில் 20 நிமிஷம் போதும் என்பது பொதுவான கணக்கு. கேனில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பின்பற்று. ராத்திரி முழுக்க ஊறினால் கூடுதல் சுத்தம் ஆகாது, கூடுதலாக உறிஞ்சத்தான் செய்யும். கலக்கிய தேதியை டிரேமேல் எழுதி ஒட்டு. பெரும்பாலானவற்றுக்கு 14 நாள்தான் ஆயுள், நடுவில் தண்ணீர் கலந்து நீர்த்துப்போனால் அதற்கு முன்பே போய்விடும். மருந்தின் வீரியத்தைப் பார்க்கச் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன, வாங்கி வை.

பிறகு அலசல். என் கிளினிக்கில் அந்த நாய்க்கு அப்புறம் மூன்று வாளி வைத்தேன். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் முழுதாக ஒரு நிமிஷம், டியூப்பின் உள்ளே தண்ணீர் ஓடுகிற மாதிரி. ஒரே தண்ணீரில் மூன்று தடவை முக்கினால் அது மூன்று அலசல் இல்லை. கடைசியில் நான் டியூப்பை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பேன். இது புத்தகத்தில் இருக்காது, அந்த ஆவி மூக்குக்கும் நல்லதில்லை, நீ அதைச் செய்யாதே. எண்ணி அலசு, போதும்.

உங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வந்தால் அதிலேயே அலசலாம். போர் தண்ணீராக இருந்தால் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வை, இல்லாவிட்டால் உப்புப் படியும். நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே.

ஆட்டோகிளேவ் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் சிலிக்கோன் டியூப்களுக்கு மாறிவிடு. 121 டிகிரியை அவை தாங்கும், மருந்துத் தொல்லையே விட்டது. கஃபில் காற்றில்லாமல், வால்வு திறந்தபடி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கஃப் வெடிக்கும். பி.வி.சி. டியூப் அந்தச் சூட்டில் உருகிக் கோணிவிடும். அது உண்மையில் ஒரு தடவை உபயோகத்துக்கென்று செய்தது. நம் ஊரில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறோம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மஞ்சளடித்தாலோ விறைத்தாலோ அதற்குமேல் வேண்டாம். சிவப்பு ரப்பரை வாங்கவே வாங்காதே. உள்ளே அழுக்கிருந்தால் வெளியிலிருந்து தெரியாது, வெடிப்பு விட்டாலும் தெரியாது. ஆட்டோகிளேவில் வைக்கும் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்பதால் உள்ளே எல்லாம் செத்துவிட்டது என்றும் எண்ணாதே. டேப் சூடு பட்டதைத்தான் சொல்லும்.

அலசியதும் தொங்கவிட வேண்டும். டிரேயில் படுக்க வைத்தால் வளைவில் தண்ணீர் தேங்கும், தேங்கின ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளரும். இவ்வளவும் செய்து கடைசியில் ஈரத்தில் தோற்பது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். மெஷினின் நெளிவுக் குழாய்கள், ரிசர்வாயர் பை, மாஸ்க், பெயின் சர்க்யூட் என்ற மூச்சுக் குழாய்த் தொகுதி, இவையும் அப்படித்தான். கழுவி, அலசி, இரண்டு முனையும் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிடு. பையை வாய் கீழாக. இருமுகிற நாய், மூக்கு ஒழுகுகிற பூனை வந்தால் அதற்கென்று தனி சர்க்யூட், அன்றைய கடைசி கேஸாக வை. பூனைக்குச் சளி பிடிக்கவைக்கும் கேலிசி வைரஸுக்குத் தரை துடைக்கும் சாதாரண கிருமிநாசினிகள் பல பலிக்காது, அது உனக்குத் தெரியும். ப்ளீச் கொல்லும், ஆனால் ரப்பரையும் அரித்துவிடும். மெஷினின் ஒருவழி வால்வுகளைத் திறந்து ஈரத்தைத் துடை, வட்டத் தகடு ஒட்டிக்கொண்டால் விலங்கு தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரைத் தொடாதே, அது சர்வீஸ்காரர் வேலை. விட்ட மூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியதும் மாற்று. ராத்திரி கழிந்து காலையில் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும், அதை நம்பாதே. லாரிங்கோஸ்கோப் பிளேடை நாலு கேஸுக்குத் துடைத்தே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் வாய்க்குள் போவதுதான், ஒவ்வொரு தடவையும் கழுவு.

போடுவதற்கு முன்னால் கஃபை ஊதிப் பத்து நிமிஷம் வைத்துப் பார், இறங்கினால் அந்த டியூப் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே ஒரு தடவை பார். இதை மட்டும் நீயே செய். யாரிடமும் கொடுக்காதே.

இனி அக்கா. அவர் பேரை நீ சொல்லவில்லை, அடுத்த தடவை சொல். மூடியில்லாத அந்த டிரேயின் ஆவி அவர் முகத்துக்கு நேராகத்தான் வருகிறது. கண் எரியும், தலை வலிக்கும், நாளாக ஆகச் சிலருக்கு ஆஸ்துமாவே வந்துவிடும். உன்னிடம் சொல்லமாட்டார், வேலை போய்விடுமோ என்று பயப்படுவார். இன்றைக்கே ஒரு மூடி வாங்கு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, சிங்க்குக்கு மேல் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அப்புறம் ஒரு வாரம், கேஸ் முடிந்ததும் நீ போய் உட்காராமல் அவர் பக்கத்தில் நின்று நீயும் கழுவு. ஏன் மூன்று தண்ணீர் என்று சொல்லிக் கொடு. காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் விடமாட்டார். "சீக்கிரம்" என்ற வார்த்தையை சிங்க் பக்கம் நின்று சொல்லாதே, கண்ணு. உன் வாயில் அது வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வருகிறது.

ஒரே சைஸில் இரண்டு மூன்று டியூப் இருந்தால் இந்த அவசரமே வராது. அதற்கு நான் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மூன்று சைஸ் பிரஷ் வாங்கி வைத்துவிட்டேன். டியூப் மாட்ட எவர்சில்வர் கம்பியில் கொக்கி வைத்து அப்பா தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார். சிங்க்குக்கு மேலே சுவர் எவ்வளவு அகலம் என்று அளந்து அனுப்பச் சொன்னார். அக்காவின் கைக்கு எட்டுகிற உயரம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டு, அதையும் சேர்த்து அனுப்பு.

அம்மா