மென்பொருள் மேம்படுத்தலில் அழிந்துபோன தமிழ் மொழிக் கோப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மொத்த மளிகை வணிக நிலையம்,
விருதுநகர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
தங்கள் பில்லிங் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: மேம்படுத்தலின்போது எங்கள் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு அழிக்கப்பட்டது, கோப்பை மீட்டுத் தரவும் குறையைச் சரிசெய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பில்லிங் மென்பொருளை நான்கு ஆண்டுகளாக எங்கள் கடையிலும் இரண்டு கிடங்குகளிலும் பயன்படுத்தி வருகிறோம். தமிழ்த் திரை உண்டு என்பதாலும், அதிலுள்ள சொற்களை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னதாலுமே இதை வாங்கினோம். கணினிப் பொறியாளரான என் மகளும் நானும் இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து, தங்கள் 'மொழி அமைப்பு' பக்கத்தின் வழியாக ஏறத்தாழ 640 சொற்றொடர்களை எங்கள் ஊர் வணிக வழக்குக்கு ஏற்பத் திருத்தினோம். கடந்த மாதம் வந்த மேம்படுத்தலை நிறுவிய மறுநாள் காலையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. தங்கள் நிறுவனத்தின் பழைய மொழிபெயர்ப்பே எல்லாத் திரைகளிலும் நின்றது.

இதனால் நேர்ந்த இழப்பைச் சொன்னால்தான் புகாரின் கனம் தங்களுக்குப் புரியும். ஆங்கிலத்தில் 'பேலன்ஸ்' என்ற ஒரே சொல் சரக்கு பக்கத்தில் கையிருப்பையும், வாடிக்கையாளர் கணக்கில் அவர் தரவேண்டிய பாக்கியையும் குறிக்கிறது. தங்கள் கோப்பில் இரண்டுக்கும் 'இருப்பு' என்றே இருந்ததை நாங்கள் கணக்குப் பக்கத்தில் மட்டும் 'நிலுவைத் தொகை' என்று மாற்றியிருந்தோம். அது அழிந்ததும், புதிதாகச் சேர்ந்த கவுண்டர் பையன் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் 'இருப்பு 18,450' என்று கண்டு, அவர் நம்மிடம் முன்பணம் போட்டு வைத்திருக்கிறார் என்று எண்ணி, மிளகாய் வத்தல் பில்லில் அத்தொகையைக் கழித்துவிட்டான். பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; திரையில் இருந்ததைத்தான் அவன் படித்தான். இருபது ஆண்டுகளாக வந்துபோகும் வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் கழித்துப் போய், "அது உங்கள் பணம் இல்லை, நீங்கள் தரவேண்டிய பணம்" என்று விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தங்கள் உதவி மையத்தை அழைத்தபோது, தினசரி காப்புநகலிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் காப்புநகலில் கணக்குத் தரவு மட்டுமே சேர்கிறது, மொழிக் கோப்புகள் இருக்கும் கோப்புறை சேர்வதில்லை என்பதை என் மகள்தான் அவர்களுக்குக் காட்டினாள். அவளுடைய மடிக்கணினியில் தற்செயலாக இருந்த ஒரு பழைய படியிலிருந்து 400 சொற்றொடர்கள் வரை கிடைத்தன. மீதி போனது போனதுதான். இரண்டாம் முறை அழைத்தபோது, ஆங்கிலத் திரைக்கு மாறிக்கொள்ளுமாறு ஆலோசனை வந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மேம்படுத்தல் வரும்போது பழைய கோப்பின் மீது புதியதை அப்படியே எழுதிவிடுவதுதான் இக்கோளாறுக்குக் காரணம் என்று தெரிகிறது. மென்பொருள்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) போன்ற கட்டற்ற கருவிகள், பழைய மொழிபெயர்ப்பைப் புதிய மூலச் சொற்றொடர்களோடு இணைத்து, மூலம் சற்றே மாறியவற்றை மறுபார்வைக்கெனக் குறியிட்டு, பயன்பாட்டில் இல்லாதவற்றைக்கூட அழிக்காமல் கோப்பின் கடைசியில் ஒதுக்கி வைக்கும் வேலையை 1990களிலிருந்தே செய்து வருகின்றன. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு பொருளில் வந்தால் சூழலைக் குறித்துத் தனித்தனியே மொழிபெயர்க்கும் வசதியும் அவற்றில் உண்டு. கட்டணம் வாங்கும் மென்பொருளில் இவ்வளவாவது எதிர்பார்ப்பது தவறாகாது.

இன்னும் இரண்டு குறைகளையும் இத்துடன் சொல்லிவிடுகிறேன். அறிக்கைத் தலைப்புகளுக்கு 30 பைட்டு (கணினி நினைவக அளவு) எல்லை வைத்திருக்கிறீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்துக்கும், அதோடு சேரும் புள்ளி, கொம்பு போன்றவற்றுக்கும் தனித்தனியே) 3 பைட்டு வேண்டும் என்பதால், 37 பைட்டு பிடிக்கும் 'நிலுவைத் தொகை' அச்சில் 'நிலுவைத் த' என்று அறுபட்டு, பக்கத்தில் ஒரு கட்டத்தோடு வருகிறது. அடுத்தது, சரக்கு மாற்றச் செய்தி. எண், இடம் ஆகியவை ஆங்கில வரிசையிலேயே நிரப்பப்படுவதால், 'கிடங்கிலிருந்து கடைக்கு 5 மூட்டை' என்று வரவேண்டியது '5-இலிருந்து கிடங்கு-க்கு கடை மூட்டை' என்று வருகிறது. நிரப்ப வேண்டிய இடங்களுக்கு எண் கொடுத்தால், தமிழ் வரிசைக்கேற்ப நாங்களே மாற்றிக்கொள்வோம்.

ஆகவே, தங்கள் சர்வரில் எங்கள் பழைய மொழிக் கோப்பு இருந்தால் அதை மீட்டுத் தரவும், வாடிக்கையாளர் திருத்தங்களை மேம்படுத்தல் தொடாத தனிக் கோப்பில் வைக்கவும், அக்கோப்பைத் தினசரி காப்புநகலில் சேர்க்கவும் வேண்டுகிறேன். இவை எந்தத் தேதிக்குள் செய்யப்படும் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதுவரை அடுத்த மேம்படுத்தலை எங்கள் கணினிகளில் நிறுவப்போவதில்லை. வரும் மாதம் புதுப்பிக்க வேண்டிய ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பழைய திரை, புதிய திரை இரண்டின் படங்களையும், தவறாகக் கழிக்கப்பட்ட பில்லின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்