தரையை மூடும் வெடேலியா

ஆசிரியருக்கு வணக்கம்.

பராமரிப்பே தேவையில்லை, சீக்கிரம் தரையை மூடிவிடும் என்று சொல்லி வெடேலியா கொடியைப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் இன்னும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அழகுக்காக நடுகிறவர்களுக்கு இது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

பளபளக்கும் பச்சை இலை, குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் விஷயம் புரியும்: மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வெள்ளை வேர் விட்டிருக்கும். விதை இதற்குப் பெரிய தேவையே இல்லை; கணுவோடு ஒரு துண்டு விழுந்தால் போதும். அதனால் இயந்திரம் வைத்து வெட்டுவது, நடவு செய்வதற்குச் சமம். வெட்டியதை வாய்க்கால் கரையில் கொட்டினால் தண்ணீர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெயில், நிழல், ஈரம், உப்புக்காற்று எல்லாவற்றையும் தாங்கும். அடர்ந்த பாய்போல் விரிந்து, கீழே வேறு நாற்று எதையும் எழவிடாது.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து இதைப் பறிப்பவர்களும் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவுதான். ஆனால் மூலிகையின் இலை நீளமாக, ஒடுங்கி இருக்கும். இதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரியும்.

இருப்பதை ஈர மண்ணில் வேரோடு பிடுங்கி, நன்றாகக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். விட்டுப்போன துண்டுகள் மறுபடி துளிர்க்கும், சில மாதங்கள் கண்காணிக்க வேண்டியிருக்கும். முதலில், நாற்றங்கால்கள் இதை விற்பதை நிறுத்தட்டும்.

– வாசகர் ஒருவர்