பெற்ற தாய்க்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தத்துப் பிள்ளைகள் பெற்றவர்களைத் தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'வளர்த்தவர்கள் மனம் நோகாதா?' என்று கேட்டிருந்தீர்கள். வளர்த்தவளாகவே சொல்கிறேன், எனக்கு நோகவில்லை. என் மகளுக்கு 23 வயது. வளர்க்க முடியாதவர்கள் பெண் குழந்தையை விட்டுச்செல்ல அரசு வைத்த தொட்டில் ஒன்றில், தருமபுரி மாவட்டத்தில் விடப்பட்டவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளிடம் எதையும் மறைத்ததில்லை. தைராய்டுக்காக மருத்துவரிடம் போனபோது, "அம்மாவுக்கும் இருக்கா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும், "தேடிப் பார்க்கலாமாம்மா?" என்றாள். சரி என்றேன்.

சட்டம் தடுக்கவில்லை. 2022 தத்தெடுப்பு விதிமுறைகளின்படி 18 வயதானவர்கள் பெற்றவர்களைத் தேடித் தரச்சொல்லித் தாங்களாகவே விண்ணப்பிக்கலாம். குழந்தையை ஒப்படைத்த தாய் தன் அடையாளத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவர் சம்மதம் வேண்டும். அது நியாயம்தான். ஆனால் தொட்டில் பிள்ளைகளுக்கு யாரிடம் சம்மதம் கேட்பது? 1992-ல் சேலத்தில் அந்தத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது, பெயரைக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் பெண்கள் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கள்ளிப்பாலுக்குத் தப்பி எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தது அதனால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் மகளின் கோப்பில் இருப்பதெல்லாம் மூன்றே வரி: எடை 1.9 கிலோ, தொப்புள் காயவில்லை, சுற்றியிருந்தது பச்சை நூல் சேலைக் கிழிசல்.

பிள்ளைகள் தேடுவதையே எல்லோரும் பேசுகிறோம். அன்றைக்கு மாமியாருக்கும் புருஷனுக்கும் பயந்து விட்டுப்போன பெண்ணுக்கு இன்று நாற்பதோ ஐம்பதோ ஆகியிருக்கும். 'என் பிள்ளை வந்து கேட்டால் சொல்லுங்கள்' என்று அவள் எங்கே போய்ச் சொல்வாள்? இங்கிலாந்தில் இதற்கென்றே 1991 முதல் அரசுப் பதிவேடு இருக்கிறது. பிள்ளையும் பதியலாம், பெற்றவர்களும் பதியலாம்.

நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே இதைச் செய்ய முடியும். எந்த ஊர்த் தொட்டில், எந்த வருஷம், என்ன துணியில் சுற்றியிருந்தாள் என்பதைத் தாய் ரகசியமாகச் சொல்லிவைக்கட்டும். விரும்பினால் டிஎன்ஏ மாதிரியும் கொடுக்கட்டும். இரண்டு பக்கமும் சம்மதித்தால் மட்டும் விவரம் கைமாறட்டும். ஊருக்குத் தெரியாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள்.

அப்புறம், மூடப்படும் குழந்தைகள் இல்லங்களின் கோப்புகளையும் அரசே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். முதல் தொட்டில் குழந்தைகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சமூக நலத்துறை இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்