தம்பிக்கும், பால்கடை அண்ணனுக்கும், இன்னும் சிலருக்கும்

எனக்குத் தம்பி கொடுத்த செல்களைக் கொண்டு எலும்பு மஜ்ஜை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ரத்தப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பணமும் ரத்தமும் கொடுத்தவர்களுக்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டேன். இது அப்புறம் வந்த கண் உபத்திரவத்தில் கூட நின்றவர்களுக்கு.

எட்டாவது மாதம், வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வரவில்லை. நல்லதுதானே என்று சிரித்தேன். அடுத்த சில வாரங்களில் காலையில் இமை ஒட்டிக்கொண்டது. ஃபேன் காற்று பட்டாலே மணல் விழுந்த மாதிரி உறுத்தல். முதலில் பார்த்த கண் மருத்துவர் செல்போனைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மஜ்ஜை மாற்றியதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. மூன்று மாதம் வீணாகப் போனது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986லிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது. அங்கே கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்ததுமே விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். கீழ் இமைக்குள் காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் உட்கார வைத்தார்கள். 10 மி.மீ.க்கு மேல் நனைய வேண்டுமாம். எனக்கு வலதில் 2, இடதில் 1. தம்பி கொடுத்த செல்கள் என் கண்ணீர்ச் சுரப்பியை வேற்றாளாக நினைத்துத் தாக்கியிருக்கின்றன.

என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, உறையவைத்து, மெஷினில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை உப்பு நீரில் கலந்து சொட்டு மருந்தாக்கிக் கொடுத்த லேப்காரர்களுக்கு நன்றி. அதை ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் போனால் வராது. ஜெனரேட்டர் போட்ட பால்கடை அண்ணன் ஒரு டப்பா அளவு இடம் ஒதுக்கினார். இன்றுவரை வாடகை கேட்டதில்லை.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸான ஸ்க்ளீரல் லென்ஸ் போடப் பழக்கிய பெண்ணுக்கும் நன்றி. லென்ஸில் உப்பு நீரை நிரப்பி, தரையைப் பார்த்துக் குனிந்து போட வேண்டும். முதல் நாள் ஒன்றரை மணி நேரம். நீர் கொட்டிக் கொட்டி மடியெல்லாம் ஈரம். "லென்ஸைத் தூக்காதீங்க அக்கா, கண்ணை இறக்குங்க" என்று அலுக்காமல் சொன்னாள்.

பெரியம்மா இறந்த வீட்டில் நான் அழாமல் உட்கார்ந்திருக்க, யாரோ கல்நெஞ்சுக்காரி என்றார்கள். "அவளுக்குக் கண்ணீரே ஊறாதுடி, வாயை மூடு" என்று அதட்டிய எதிர்வீட்டு அத்தையை மறக்க மாட்டேன்.

கடைசியாகத் தம்பி. ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எனக்கு செல் கொடுத்தவன். கண் விவரம் தெரிந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறான். டேய், ஒளிந்து கிடக்கும் புற்றுநோய் செல்லைத் தேடி அழிப்பதும் அதே செல்கள்தான் என்று டாக்டர் சொன்னாரே, கேட்டாய்தானே? பி பாசிட்டிவாக இருந்த நான் இப்போது உன் ஓ பாசிட்டிவ். என் கண்ணில் விடும் சொட்டும் அந்த ரத்தத்திலிருந்து வந்ததுதான். அடுத்த மாதம் ரத்தம் எடுக்கப் போகிறேன். உள்ளே வந்து பக்கத்தில் உட்கார். போன தடவை மாதிரி வராந்தாவில் நிற்காதே.