பாப்பாவின் உடம்பைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றச் செய்திகளைப் போனில் சொல்லிக்கொள்ளலாம். இது போனில் சொல்லக்கூடியதாக இல்லை. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய்; பாப்பா பக்கத்திலேயே இருக்கிறாள்.

மே விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது, கருப்பட்டிப் பாகு காய்ச்சி உளுந்தங்களி கிண்டினேன். போன வருஷம் நல்லெண்ணெய்க்குக் குழி பறித்து வழித்து வழித்துத் தின்ற பிள்ளை, இந்த முறை உருண்டையை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதில் எத்தனை கலோரி ஆச்சி?" என்று கேட்டாள். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால், மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றுக்குள் கிடக்க, இவள் மட்டும் முழுக்கைச் சட்டையோடு படித்துறை நிழலில் உட்கார்ந்திருந்தாள். நீச்சலில் பரிசு வாங்கியவள் அவள். விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போய் அவளுக்கு நீச்சல் பழக்கியவன் நீ. அதை நான் இந்தத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. ஏன் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, வெயில் பட்டால் இன்னும் கறுத்துவிடுவாளாம், நீ கேலி செய்வாயாம்.

நீ அவளைக் 'கருவாச்சி' என்றும் 'குண்டம்மா' என்றும் ஆசையாகத்தான் கூப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் பெரிய அத்தையை இந்தக் கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்களே, அதுவும் ஆசையாகத்தான். அதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பூப்பெய்தும் காலத்தை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பு அகல்வதும் உடம்பில் கொழுப்பு கூடுவதும் வளர்ச்சியே தவிர, குறைக்க வேண்டிய பருமன் அல்ல. எலும்பு வலுப்பெறுவதும் இந்த வயதில்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், பசிக்கிறது என்று சொல்ல வெட்கப்படும் ஒரு குழந்தை நம் வீட்டிலும் வளர வேண்டுமா? அவள் முன்னால் அவள் உடம்பைப் பற்றிப் பேசாதே. உன் தொப்பையை நீயே ஏசிக்கொள்ளும்போதும், மருமகள் கண்ணாடி முன் நின்று சலித்துக்கொள்ளும்போதும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தன் உடம்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறாள்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். அவள் துணிகளை மடித்து வைக்கும்போது, பைக்குள் ஒரு சிவப்பழகு கிரீம் இருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை. தோழி கொடுத்தாளாம். இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் இவ்வகைக் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்னும் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாளாக நாளாகத் தோல் மெலிந்து, முகத்தில் முடியும் பருவும் கிளம்பும். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கும் மெலனின் என்ற நிறமியைத்தான் இவ்வளவு பாடுபட்டு அழிக்கப் பார்க்கிறார்கள். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் அவள் ஒதுங்கி ஒதுங்கி நின்றபோது, "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று நீ அவள் முதுகைப் பிடித்துத் தள்ளினாய். அவர் நல்ல மனிதர்தான். அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நல்ல தொடுதல், தீய தொடுதல் என்று சொல்லிக் கொடுத்து, ஆபத்தென்றால் 1098க்குக் கூப்பிடு என்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, வீட்டில் அவள் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்றால், வெளியில் அதைச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? யாரைக் கட்டிக்கொள்வது, யாருக்குக் கை கூப்பினால் போதும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

அவள் முன்னால் அவள் உடம்பைப் பற்றிப் பேசாதே என்று மறுபடியும் எழுதுகிறேன். நீ தலையை ஆட்டிவிட்டு மறப்பவன். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறாள், தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு எப்படி மாடி ஏறுகிறாள் என்பதைச் சொல்.

அந்த கிரீமை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா உனக்குக் கூரியரில் அனுப்புவார். மருமகளிடம் பக்குவமாகச் சொல்லி, இருவருமாகப் பாப்பாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போய், கிரீமையும் அவரிடம் காட்டுங்கள். இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரணை வைக்காதே. கிரீம் என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். உன்னிடம் திட்டு வாங்க வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அதை வாங்கினேன்.

அன்புடன்,
அம்மா